விதி எழுதும் மேசை

"எல்லாம் விதி" என்பார் என் பாட்டி. மழை பொய்த்தால் விதி. மாடு மாண்டால் விதி. அடகுக்குப் போன நகை வீடு திரும்பாவிட்டால் அதுவும் விதி! அந்த ஒரு சொல்லை ஒழிப்பதற்காகவே ஊர் ஊராகச் சென்று மேடையேறியவன் நான். விதி என்று ஒன்று இல்லை என்று முழங்கியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன்.

தோழர்களே! சென்ற ஞாயிறன்று பசுமலையில் ஒரு பெண் என்னைத் திருத்தினாள்.

"விதி இருக்கிறது அண்ணே. ஆனால் அதை எழுதுவது பிரமன் அல்ல. சட்டை மடிப்புக் கலையாத சிலர், குளிரூட்டிய அறையில், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து எழுதுகிறார்கள். அந்த மேசையை நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்" என்றாள்.

யார் அந்தப் பெண்? மலையடிவாரத்தில் பிறந்தவள். தந்தை ஆட்டோ ஓட்டுபவர். தாய் துணி தைப்பவர். பத்து வயதில், என் நாடகமொன்றில் கடன்பட்ட உழவனின் மகளாக வந்து, "அப்பா, நம் மாடு எங்கே?" என்று ஒரே ஒரு வரி பேசிக் கொட்டகையைக் கண்ணீரில் ஆழ்த்தியவள். இன்று பொருளியல் முதுகலை மாணவி. 2025ஆம் ஆண்டுக் கோடையில் மும்பைக்குச் சென்று, நாட்டின் நிதி நிறுவனங்களை மேற்பார்க்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுள் ஒன்றில் பயிற்சி பெற்றுத் திரும்பியவள். எந்த அமைப்பு என்று எழுதவேண்டாம் என்றாள், எழுதவில்லை.

நாடகக்காரனின் ஆசை எனக்கு. உள்ளே என்ன நடக்கிறது, எவன் எவனை ஏய்க்கிறான், சொல், ஒரு காட்சிக்காவது உதவும் என்றேன். அவள் சிரித்தாள். "பார்த்த கோப்புகளைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று கையொப்பம் இட்டிருக்கிறேன் அண்ணே. என்னைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்."

நாணினேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கையொப்பத்திற்கு இருக்கும் மதிப்பு, என் ஆர்வத்திற்கு இல்லாமற் போயிற்றே!

அவள் தன்னைப் பற்றிச் சொன்ன கதை இது.

இடம் கிடைத்தது என்ற செய்தி வந்தபோது வீட்டில் விழா. மறுநாள் கவலை. மும்பையில் எங்கே தங்குவது? ஒரு விடுதியில் ஒரு கட்டிலுக்கு முன்பணம் கேட்டனர். உதவித்தொகை உண்டு, ஆனால் மாதம் உழைத்த பின்னரன்றோ அது கைக்கு வரும்! முன்பணமோ போய் இறங்கிய அன்றே தரவேண்டியது. தாய் பேசவில்லை. கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றினார், அடகு வைத்தார், பணத்தை மகளின் பையில் வைத்துத் தைத்தார்.

எண்ணிப் பாருங்கள். நாட்டின் பணத்தை ஒழுங்கு செய்யும் இடத்திற்குப் போக, ஒரு தாயின் சங்கிலி அடகுக்குப் போக வேண்டியிருந்தது!

அங்கே அவளுடன் பயிற்சிக்கு வந்தோர் பலர். பெரிய நகரங்களின் பெரிய கல்வி நிலையங்களில் பயில்வோர், அறிவாளிகள், நல்லவர்களுங்கூட. அவர்களை அவள் ஒரு சொல்லாலும் இகழவில்லை. நாங்கள் நால்வரும் ஒரே தட்டில் உண்டோம் என்றாள். ஆனால் ஒரு நண்பகல், உணவு உண்ணும்போது, செய்தித்தாளில் வந்த நகைக்கடன் பற்றிப் பேச்செழுந்தது.

அந்தப் பேச்சின் பின்னணியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 ஏப்ரல் 9 அன்று ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. அடகு வரும் நகை யாருக்கு உரியது என்பதைச் சரிபார்த்து ஆவணம் வைக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. நகை மதிப்பில் 75 விழுக்காடே கடன் என்ற வரம்பு இன்னொன்று. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம்; மறுப்பதற்கில்லை. ஆனால் விதைப்புக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் நகையையே நம்பும் தமிழ்நாட்டில் அது இடியாக இறங்கிற்று. உழவர்கள் கொதித்தனர், கட்சிகள் குரல் கொடுத்தன, மாநில அரசு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதிற்று.

உணவு மேசையில் ஒரு தோழி கேட்டாளாம்: "இதிலென்ன வருத்தம்? வாங்கிய ரசீதைக் காட்டினால் முடிந்ததே!"

பசுமலைப் பெண் சோற்றை வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: "என் தாயின் சங்கிலி பாட்டியினுடையது. பாட்டிக்கு அவர் தாய் தந்தது. ஒருமுறை அறுந்தது; ஆசாரியிடம் கொடுத்து உருக்கி, கால் பவுன் சேர்த்து மறுபடி செய்தோம். இதற்கு எந்தக் கடை ரசீது தரும்? எங்கள் தெருவில் நகைக்குச் சான்று, அதைப் பார்த்த கண்கள்தாம்."

மேசை அமைதியாயிற்று. கேட்ட தோழி தலைகுனிந்து, "எனக்குத் தெரியாது" என்றாளாம்.

அந்தத் தெரியாமைக்காக அந்தப் பெண்மீது எனக்குச் சினமில்லை. ஆனால் தெரியாதவர் மட்டுமே கூடி எழுதும் விதி, தெரிந்தவர் தலையில் அல்லவா விழுகிறது!

என் நாடகங்களில் வட்டிக்காரனுக்குப் பெரிய மீசை ஒட்டுவேன். மீசையைக் கண்டதும் மக்கள் கொதிப்பார்கள். இன்று அதை எண்ணி நகைக்கிறேன். ஏழையின் இடர் எப்போதும் மீசையோடு வருவதில்லை. சில நேரம் அது ஒரு சுற்றறிக்கையின் ஏழாவது பத்தியாக, எவர்மீதும் பகையின்றி, அழகான ஆங்கிலத்தில் வருகிறது.

எனக்கும் அப்படித்தான் வந்தது. கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு முடித்துக்கொண்டவன் நான். கட்டணத்திற்காக என் அன்னை இரட்டை வடச் சங்கிலியை ஓரிடத்தில் அடகு வைத்தார். ஏலம் விடப்போகிறோம் என்று ஓர் அறிவிப்பு வந்தது, ஆங்கிலத்தில். ஏதோ வங்கிக் காகிதம் என்று அன்னை அதைத் தந்தையின் படத்திற்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தார். விடுதியிலிருந்து நான் வந்து படித்தபோது, ஏல நாள் கழிந்து எட்டு நாள். சங்கிலியும் போயிற்று, மூன்றாம் ஆண்டும் போயிற்று. "விதி" என்றார் பாட்டி.

இப்போது கேளுங்கள். எதிர்ப்பு எழுந்தபின், 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி இறுதி விதிகளை வெளியிட்டது. இரண்டரை இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம். ஐந்து இலட்சம் வரை 80. அதற்கு மேல் 75. கடன் தீர்ந்தபின் நகையைத் திருப்பித் தருவதில் தம்மால் தாமதம் நேர்ந்தால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். கடன் வாங்குவோரிடம் அவ்வட்டார மொழியிலோ, அவர் விரும்பிய மொழியிலோ தொடர்பு கொள்ளவேண்டும். இவை 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்றும் விதித்தது.

அவர் மொழியில்! இந்த இரண்டு சொற்கள் அன்று இருந்திருந்தால், என் அன்னையின் கழுத்தில் சங்கிலி இருந்திருக்கும்.

"போராடினோம், திருந்தியது. பிறகு அங்கே போய் ஒரு பெண் உட்கார்ந்து ஆவதென்ன?" என்று கேட்கும் தோழரும் உண்டு. நியாயமான கேள்வி. தன்னால் ஒரு காற்புள்ளியும் மாறவில்லை என்று அந்தப் பெண்ணே சொல்கிறாள். மாற்றியது மக்கள் குரல். ஆயினும், வரைவு வந்தபின் தெருவுக்கு வந்து கூவுவதே நம் கடமை என்று எத்தனை காலம் இருப்பது? எழுதுகோல் தாளைத் தொடுமுன் "பொறுங்கள், எங்கள் வீட்டில் ரசீது இராது" என்று சொல்ல அங்கே ஒருவர் வேண்டாமா? போராட்டம் விழுந்த சுவரைத் தூக்கி நிறுத்தும். சுவர் எழும்போதே சாய்வைக் காண உள்ளே ஒரு கண் வேண்டும்.

வரலாறு இதைச் சொல்கிறது. 1923இல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர். இந்தியப் பணமுறையை ஆராய வந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியமும் அளித்தார். அந்த ஆணையத்தின் பரிந்துரை வழியே 1934இல் சட்டம் பிறந்தது. 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி பிறந்தது. அத்தகைய அறிஞரே, பரோடா மன்னர் தந்த உதவித்தொகைக் காலம் முடிந்ததால், 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. 1920இல்தான் மீண்டும் போக முடிந்தது. அறிவு குறைந்தா திரும்பினார்? பணம் குறைந்து திரும்பினார்! அவர் மீண்டார், மீளாதார் எத்தனை பேர்?

ரிசர்வ் வங்கியின் கோடைப் பயிற்சிக்கு ஆண்டுதோறும் அதிகபட்சம் 125 பேர் தேர்ந்தெடுக்கப்படுவர் என்கிறது அதன் அறிவிப்பு. முதுகலை மாணவரும், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பினரும், மூன்றாண்டுச் சட்ட மாணவரும் விண்ணப்பிக்கலாம். மாதம் 20,000 ரூபாய் உதவித்தொகை. வெளியூர் மாணவர் தங்குமிடத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். கதவில் பூட்டில்லை, உண்மை. ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்பதே நம் அரசு கலைக் கல்லூரி மாணவருக்குத் தெரியாது. தெரிந்தவருக்குத் தங்க இடமில்லை. பூட்டாத கதவுக்கும் எட்டாத கதவுக்கும் ஏழைக்கு என்ன வேறுபாடு?

ஆகவே கேட்போம். தங்குமிடம் கொடுங்கள், சிற்றூர்க் கல்லூரிகளுக்கு நேரில் வந்து தேர்வு செய்யுங்கள், வரைவு விதிகளை வெளியிடும் அன்றே தமிழிலும் வெளியிடுங்கள், படித்துவிட்டுக் கருத்துச் சொல்கிறோம்.

கேட்பது ஒருபுறம் இருக்க, நாம் செய்யவேண்டியதும் உண்டு தோழர்களே! அக்டோபர் நடுவில் ரிசர்வ் வங்கி விண்ணப்பம் கோருவது வழக்கம். அந்த அறிவிப்பை ஒவ்வொரு கிளையின் படிப்பகத்திலும் ஒட்டுங்கள். கூட்டத்துக்கு வரும் தலைவருக்கு வளைவு வைக்கிறோம், விளக்கலங்காரம் செய்கிறோம், மறுநாள் காலை அதைப் பிரித்துப் போடுகிறோம். அந்த ஓர் இரவுச் செலவு, ஒரு மாணவியின் கட்டிலுக்கு முன்பணமாகும். எனக்கு வைக்கும் வளைவை முதலில் நிறுத்துங்கள்; மனம் வருந்தமாட்டேன்.

விடைபெறும்போது கேட்டேன்: "அம்மாவின் சங்கிலி?"

"முதல் மாத உதவித்தொகையை அப்படியே அனுப்பிவிட்டேன் அண்ணே. மீட்டாயிற்று" என்றாள். தையல் பொறியின் முன் அந்தத் தாய் குனிந்திருந்தார். கழுத்தில் சங்கிலி ஆடிற்று.

அடுத்த முறை அந்தச் சங்கிலி கழற்றப்படாமலே ஒரு மகள் மும்பைக்குப் போகவேண்டும். அது நம் கையில் இருக்கிறது. விதியின் கையில் அல்ல!