சித்தி, இந்த வீடு எதற்கும் உதவாது

சென்ற தீபாவளியன்று சித்தி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பெரியவர்கள் முறுக்குத் தட்டைச் சுற்றி அமர்ந்திருக்க, தொடக்கநிலை 5ல் படிக்கும் தங்கை மட்டும் என் அறையில் புத்தக அலமாரி முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். அங்கேதான் என் மர வீடு இருக்கிறது. இரண்டு மாடி, ஒரு படிக்கட்டு, விரல் நுனியில் நிற்கக்கூடிய நாற்காலிகள். சுவிட்சைத் தட்டினால் விளக்கும் எரியும்.

“எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும்க்கா,” என்றாள்.

வாசலிலிருந்து சித்தியின் கேள்வி வந்தது. “இதெல்லாம் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவுமாம்மா?”

“உதவாது சித்தி. எதுக்குமே உதவாது,” என்றேன். அம்மா முறைத்தார். பண்டிகை நாளில் துடுக்காகப் பேசிவிட்டேன் என்று அவருக்கு வருத்தம். ஆனால், நான் யோசித்துத்தான் சொன்னேன். அந்த வீட்டை ஒருமுறை உதவ வைக்கப் பார்த்தவள் நான்.

உயர்நிலை 3 முடிந்த டிசம்பர் விடுமுறையில், தீபாவளி அங்பாவ் பணத்தில் அந்தப் பெட்டியை வாங்கினேன். திறந்ததும் கருகிய வாடை அடித்தது. லேசர் கதிரால் வெட்டிய ஒட்டுப்பலகைகள் என்பதால் ஓரமெல்லாம் கரி. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். அளவு 1:24. அதாவது, உண்மையான வீட்டில் ஓர் அடி என்பது இதில் அரை அங்குலம். ஐந்தரை அடி உயரமுள்ள நான் அதற்குள் குடிபோனால் 7 சென்டிமீட்டர்தான் இருப்பேன்.

மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் நாற்காலிக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. உப்புத்தாளால் கரியைத் தேய்த்து, பல்குத்தும் குச்சியின் நுனியில் வெள்ளைப் பசையைத் தொட்டுத் தடவி, அது பிடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு கையில் பிடித்திருக்க வேண்டும். விரலெல்லாம் பசை இருந்தால் கைப்பேசியைத் தொட முடியாது. தொடக்கூடாது என்று நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. தொட முடியவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் மாடித் தளத்தைத் திருப்பி ஒட்டிவிட்டேன். படிக்கட்டு இடப்பக்கம் இருந்தது. அது ஏறிச் சேரவேண்டிய துவாரமோ வலப்பக்கம் போய்விட்டது. பசை காய்ந்த பிறகுதான் கவனித்தேன். பிடித்து இழுத்தால் பசை விடவில்லை, பலகைதான் ஏடு ஏடாக உரிந்தது.

பள்ளிக் கட்டுரை கணினியில் இருக்கிறது. பிழை என்றால் ஒரு விசையைத் தட்டி முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். குழுப்பணியில் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டால்கூட பழைய பதிப்பை மீட்டெடுக்கலாம். ஆனால் இந்த மாடித் தளத்தைத் திரும்பப் பெற வழியில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு கத்தியால் இடப்பக்கம் புதிதாக ஒரு துவாரம் வெட்டினேன். வலப்பக்கத்தில் இருந்த பழைய துவாரத்தை அட்டையால் மூடி, மேலே துணித் துண்டில் ஒரு கம்பளம் விரித்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் கம்பளம் அழகாக இருக்கிறது என்பார்கள். அதன் கதை எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும்.

அடுத்த ஆண்டுதான் நான் செய்த தவறு தொடங்கியது. உயர்நிலை 4ல், பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கான முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நேரம். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ஆர்வத்தையும் திறனையும் பார்க்கும் நல்ல திட்டம் அது. அதைக் குறைசொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. உள் அலங்கார வடிவமைப்பு படிக்க விரும்பிய நான், இந்த வீட்டையே என் ஆர்வத்துக்குச் சான்றாக வைக்க முடிவுசெய்தேன்.

ஒரு வீடு போதாது என்று தோன்றியது. விலை அதிகமான இரண்டாவது பெட்டி வந்தது. ஒவ்வொரு சுவரையும் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்தேன். எனக்குப் பிடித்த பகுதியை விட்டு, படத்தில் நன்றாகத் தெரியும் பகுதியை முதலில் செய்தேன். கம்பளம் இருந்த மாடியை மட்டும் படம் எடுக்கவே இல்லை.

நேர்முகத்துக்காகப் பொம்மை வீடுகளின் வரலாற்றையும் மனப்பாடம் செய்தேன். 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வப் பெண்மணியின் பொம்மை வீடு இன்றும் அந்நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது குழந்தை விளையாட அல்ல, பெரியவர்கள் பார்த்து வியக்கச் செய்யப்பட்டது. 1940களில் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் கிளெஸ்னர் லீ, மரணம் நிகழ்ந்த அறைகளை 1:12 அளவில் சின்னஞ்சிறு மாதிரிகளாகச் செய்தார். தடயங்களைக் கூர்ந்து கவனிக்கக் காவல்துறையினருக்கு அவை பயிற்சி தந்தன. அருமையான தகவல்கள்தான். ஆனால் நான் அவற்றைத் தேடிப் படித்தது வியப்பதற்காக அல்ல. “பாருங்கள், இது பயனுள்ள வேலை,” என்று யாரிடமோ வாதாடுவதற்காக.

எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மின்னஞ்சல் வந்த அன்று வீட்டைத் தூக்கி அலமாரியின் உச்சியில், முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். இரண்டாவது பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. விண்ணப்பம் தோற்றது ஒரு வருத்தம். ஆனால் அதைவிட, ஆசையாகச் செய்த ஒன்று தோற்ற பொருளாக மாறிவிட்டது. பாட்டு, ஓவியம், காற்பந்து என்று எதைச் செய்தாலும் அதைத் தொகுப்பில் சேர்க்கலாமே என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். சேர்ப்பது தவறில்லை. ஆனால் விண்ணப்பத்தில் எழுதாத ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும். எல்லாவற்றையும் தேர்வுக்கு அனுப்பிவிட்டால், தேர்வில் தோற்ற மாலையில் போய் உட்கார நமக்கு என்ன இருக்கும்?

கையேட்டைப் பார்த்து எண்ணுக்கு எண் ஒட்டுவதில் என்ன படைப்பு இருக்கிறது என்று தோழி ஒருத்தி கேட்டாள். பாதி நியாயம்தான். கையேட்டில் இல்லாததைச் செய்ய எனக்கும் பாட்டி வரவேண்டியிருந்தது.

சாதாரண நிலைத் தேர்வு முடிந்த வாரம், தூசி தட்டுகிறேன் என்று பாட்டி அந்த வீட்டைக் கீழே இறக்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சமையலறையை நெடுநேரம் பார்த்தார். “அடுப்பு இருக்கு, கேக் இருக்கு. அம்மி எங்கடி?” என்றார்.

பாட்டி வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில். அந்த வீட்டின் சமையலறை எப்படி இருந்தது என்று அதுவரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பாட்டி சொல்லச் சொல்லத் தாளில் வரைந்தேன். மண்ணெண்ணெய் அடுப்பு இந்த மூலை, தண்ணீர் வாளி அந்த மூலை, மைலோ டின்னில் மிளகாய்த்தூள். துண்டுகளைப் பெயர்த்தெடுத்த பிறகு மிஞ்சும் பலகைச் சட்டங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அவற்றில் சுவர் எழும்பியது. காற்றில் காயும் களிமண்ணில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு அம்மி செய்தேன். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்தப் பெட்டிகள் மலிவானவை அல்ல, எல்லார் வீட்டிலும் அதற்குப் பணம் இருக்காது.

“குழவி இவ்வளவு மெலிசா? இதுல தேங்காய் அரைக்க முடியுமா?” என்று பாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது குழவிதான் தேறியது. எந்த நேர்முகத்திலும் என்னை யாரும் இவ்வளவு கறாராகச் சோதித்ததில்லை. அந்தச் சமையலறையை நான் படம் எடுக்கவில்லை. இப்போது வேறொரு துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார இறுதியில் பாட்டியின் வாசல் திண்ணைக்குப் பலகை தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கைக்குச் சித்தி கடைசியில் ஒரு சிறிய பெட்டி வாங்கித் தந்தார். டிசம்பரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அதைப் பிரித்தோம். முதல் சுவரையே தலைகீழாக ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். சன்னல் தரையோடு இருந்தது.

“பிச்சிடலாமாக்கா?”

“காய்ஞ்சிருச்சு. என்ன செய்யலாம்னு நீயே சொல்லு.”

அவள் சுவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்தி கைப்பேசியை உயர்த்தினார். தங்கை நிமிராமலேயே பசை படிந்த உள்ளங்கையை நீட்டி அதை மறைத்தாள்.

“எடுக்காதீங்கம்மா. இது பூனை வர்ற வழி.”