தாமார் என்று பேர் வைத்துவிட்டால் ஆயிற்றா?

பைபிளில் மூன்று தாமார்கள். யூதாவின் மருமகள், தாவீதின் மகள், அப்சலோமின் மகள். எபிரேயத்தில் பேரீச்சை என்று பொருள். மூன்றாமவளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு உருக்கமான விளக்கமும் கூடவே வரும்: சீரழிக்கப்பட்ட தங்கையின் நினைவாக அப்சலோம் தன் மகளுக்கு அந்தப் பேரை வைத்தானாம், என்ன பாசம் பாருங்கள்! கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தைப் படிங்க. மாற்றாந்தாய் மகன் அம்னோன் நோயாளிபோல் படுத்துக்கொண்டு, பணியாரம் சுட்டுத்தர அவளை வரவழைத்துக் கையைப் பிடிக்கிறான். அவள் வாதாடுகிறாள். இது இஸ்ரவேலில் நடக்கக்கூடாதது, என் அவமானத்தோடு நான் எங்கே போவேன், உன் பேரும் கெடும், ராஜாவிடம் கேள் என்கிறாள். அந்த அதிகாரத்தில் புத்தியோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான். எல்லாம் முடிந்தபின் அவளை வெளியே தள்ளச் சொல்கிறான் அம்னோன். எபிரேய மூலத்தில் அவன் வாயில் அவள் பேர் இல்லை, ‘பெண்’ என்றுகூட இல்லை, வெறும் சுட்டுச்சொல்.

அவள் அங்கியைக் கிழித்துக்கொண்டு கதறியபடி போகிறாள். யோசேப்பின் அங்கிக்கும் இவள் அங்கிக்கும் எபிரேயத்தில் ஒரே சொல்தான், வேறு யாருக்கும் அது வரவில்லை. யோசேப்பின் அங்கிக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிறார்கள். இவளுடையதை யார் வரைந்தார்கள்?

பாசக்கார அண்ணன் என்ன சொன்னான்? சும்மா இரு, அவன் உன் சகோதரன், மனசில் வைத்துக்கொள்ளாதே. அப்பா தாவீதுக்குக் கோபம் வந்தது, அத்தோடு சரி. இரண்டு வருஷம் கழித்து ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்வித்தான், பழிவாங்கினான்தானே என்பீர்கள். செத்தவன் தாவீதின் மூத்த மகன். அடுத்து அப்சலோம் கை வைத்தது அப்பாவின் சிம்மாசனத்தில். தங்கையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மிஷ்னாவைப் பாருங்கள். யூதாவின் மருமகள் கதையைச் சபையில் வாசிக்கலாம், மொழிபெயர்த்தும் சொல்லலாம். அம்னோன் கதைக்கு இரண்டுமே கூடாது. முதல் தாமார் இரட்டைப் பிள்ளை பெற்றாள், தாவீதின் வம்சம் அதில் வந்தது, மத்தேயுவின் பட்டியலிலும் இடம் கிடைத்தது. வம்சத்துக்கு உதவியவளின் அவமானத்தை மட்டும் சத்தமாகப் படிக்கலாம் போல.

14-ஆம் அதிகாரத்தில் அப்சலோமின் மூன்று மகன்களுக்குப் பேர் சொல்லப்படவில்லை, மகளுக்கு மட்டும் சொல்கிறார்கள், அழகி என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடந்த அத்தை என்ன ஆனாள் என்பதற்கு ஒரு வரி இல்லை.