குளிரின் மேல் பழி

2022 டிசெம்பர் 9ஆந் திகதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரைகடந்தது. இலங்கைக் கரையில் அது ஏறவில்லை. ஆயினும் அந்நாட்களில் வீசிய குளிர்காற்றும் ஓயாத மழையும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மாடுகளைப் பட்டி பட்டியாகச் சாய்த்தன. வடக்கிலும் கிழக்கிலுமாக மடிந்த கால்நடைகள் ஆயிரத்துக்கு மேல். தொற்றுநோயோ என்று அஞ்சி, அங்கிருந்து இறைச்சி கொண்டுசெல்வதைச் சில காலம் தடுத்தார்கள். பின்னர் ஆய்வு நடந்தது. குளிரே காரணம் என்று அறிவித்தார்கள். அத்துடன் வழக்கு முடிந்தது. குளிரைக் கூண்டில் ஏற்ற முடியாதன்றோ!

நுவரெலியாவில் டிசெம்பர், சனவரி இரவுகளில் வெப்பநிலை பத்துப் பாகையை அண்டி இறங்குவதுண்டு. வன்னியிலே நிலவிய குளிர் அதற்கு ஈடன்று. அங்கே கறவை மாடுகள் நூற்றுக்கணக்கில் விழுந்து சாகக் காணோம். அவை குளிர்நாட்டு இனம் என்று சிலர் மறுமொழி கூறுவர். மெய்யே. அவற்றின் தலைக்கு மேலே கூரை உண்டு, வாய்க்கு முன்னே புல் உண்டு என்பதும் மெய்யே.

மாட்டுக்கு வயிறே அடுப்பு. தின்ற புல் உள்ளே நொதிக்கும்போது பிறக்கும் வெப்பந்தான் அதன் உடலைக் காக்கிறது. வயிறு நிறைந்து, தோல் உலர்ந்திருக்கும் மாடு ஓரளவு குளிரைத் தாங்கிக்கொள்ளும். நாட்கணக்கில் நனைந்து, திறந்த வெளியில் காற்றை எதிர்த்து நிற்கும் எலும்புந் தோலுமான மாட்டுக்கு அடுப்பிலே விறகில்லை. ஆதலால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, குளிர் ஏன் வந்தது என்பதன்று. மாடு ஏன் பட்டினியாய் மழையில் நின்றது என்பதே.

காலபோக விதைப்புத் தொடங்கியதும் மாடுகளுக்கு வயல் அடைபடும். அரிவு வெட்டு முடியும்வரை காட்டோரங்களும் குளத்தோரங்களும் கரையோரத் தரவைகளுமே அவற்றுக்குப் புகலிடம். 2009இல் போர் முடிந்தபின் அப்புகலிடங்கள் குறுகின. ஒருபுறம் படைமுகாம்; மறுபுறம் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல். கேப்பாப்புலவு மக்கள் படையினர் பிடித்திருந்த சொந்த நிலத்தை மீட்க 2017இல் இரவும் பகலும் வீதியோரத்தில் இருந்ததை நாடறியும். மனிதருக்கே அந்நிலையாயின் மாட்டுக்கு யார் வழக்காடுவது? 1938இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகியது. பறவைக்கு இடம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பறவைக்கு வரைபடத்திலே கோடு கிழிக்கத் தெரிந்த அரசுக்கு, பசுவுக்கு ஒரு கோடு கிழிக்க மட்டும் ஏன் கை வருவதில்லை?

கொட்டில் கட்டாதது உரியவனின் குற்றம் என்பாரும் உளர். நூறு மாட்டுக்குக் கூரை போடத் தகடும் மரமும் வேண்டும். அவற்றை நாட்ட உரிமையுள்ள நிலமும் வேண்டும். நாடே வங்குரோத்தான ஆண்டு அது. போரில் மந்தையை இழந்து, கன்று கன்றாகச் சேர்த்துப் பட்டியை மீட்டவர்கள் இவர்கள். கணவனைப் போரிலே பறிகொடுத்த பெண்ணுக்குப் பால் விற்ற காசே பிள்ளையின் கொப்பி, பென்சில். நம் வகுப்பறைகளில் முன்வாங்கிலோ பின்வாங்கிலோ இருப்பது அந்தப் பிள்ளைதான்.

பிரதேச செயலகந்தோறும் மேய்ச்சல் தரையை அளந்து எல்லையிட்டு, வர்த்தமானியில் வெளியிடுதல் வேண்டும். மழைக்காலத்துக்கு மேட்டு நிலத்திலே பொதுக் கொட்டில்களும் வைக்கோற் சேமிப்பும் வேண்டும். சிறுபோக வைக்கோல் வயலிலே எரிந்து சாம்பலாகும் புகையை நாம் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.