மருந்து இலவசம்தான், சிறை வாசல் வரைக்கும்

எச்.ஐ.வி. உள்ள கைதிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே பல்லவிதான்: "உள்ளே இருந்தவரை அரசாங்கம் மாத்திரை கொடுத்தது. வெளியே வந்தாலும் பெரியாஸ்பத்திரியில் சும்மாதான் கொடுக்கிறார்கள். போய் வாங்காவிட்டால் அது அவன் கொழுப்பு." படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சும்மா கொடுப்பது உண்மை. 2004 ஏப்ரலிலிருந்து ஏ.ஆர்.டி. எனும் கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. ஆனால் சீட்டை நீட்டி எந்தக் கடையிலும் வாங்குகிற மருந்தில்லை இது. பதிவு செய்த ஏ.ஆர்.டி. மையத்தில்தான் இலவசமாகக் கிடைக்கும், ஊர் மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். புழல் சிறையில் இருந்தபோது சென்னையில் பதிவானவருக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் என்றால், கையில் ஒரு காகிதமும் இல்லாமல் அங்குள்ள மையத்தில் போய் நின்று முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இத்தனை நாள் மருந்து எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழாமல் பதில் சொல்வது எப்படி?

"வெளியே வருமுன்பே பதிவை மாற்றுவதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாமே?" எந்தத் தேதியில்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் எப்போது கிடைக்கும் என்று அவர்களின் வக்கீலுக்கே தெரியாது. உத்தரவு வந்து சேர்ந்ததும் பர்ஸ், பெல்ட், செல்போன் என்று உள்ளே போகும்போது எழுதி வைத்ததையெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தருவார்கள். மாத்திரை டப்பா அந்தப் பட்டியலில் வராது.

கொழுப்பு என்கிற வாதத்துக்கு டெக்சாஸ் நல்ல பதில் வைத்திருக்கிறது. அங்கே 2004 முதல் 2007 வரை விடுதலையான, சிறையில் மருந்து சாப்பிட்டுவந்த 2,115 பேரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வெளியே வரும்போது 10 நாள் மருந்து தரப்பட்டது. அது தீர்வதற்குள் அடுத்த மருந்தை வாங்கியவர்கள் 5.4 சதவீதம்தான். 60 நாள் ஆகியும் 30 சதவீதம். இத்தனைக்கும் வசதியில்லாதவர்களுக்கு மருந்து கொடுக்க அந்த மாநிலத்தில் திட்டம் இருந்தது, ஒரு விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டும், அவ்வளவே. அந்த விண்ணப்பத்தை நிரப்ப உதவி கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மருந்து வாங்கியிருக்கிறார்கள். பரோல் அதிகாரியிடம் போய்வர வேண்டியிருந்தவர்களும் அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை நிரப்பிக் கொடுத்தால் இறங்கிவிடுகிற கொழுப்பு என்ன கொழுப்பு?

அடுத்தது, "மருந்தை நிறுத்தினால் நஷ்டம் அவனுக்குத்தானே?" இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் அடங்கிவிட்டால் உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. நிறுத்தினால் சில வாரங்களிலேயே மறுபடி தலைதூக்கிவிடும். விடுதலையானவர் மனைவியிடம் திரும்பிப் போகிற வாரங்களும் அவைதான். ஆக, அவருடைய மாத்திரைதான் வீட்டிலிருப்பவருக்கும் தடுப்பு.

"அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், அரசின் காவலில் உள்ளவர்களுக்குத் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை எல்லாவற்றையும் உரிமை என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் காவல் முடிந்த நிமிடமே அந்தப் பிரிவின் பிடியும் விட்டுப்போகிறது.

கடைசியில் வருவது, வாசலிலேயே மருந்தும் கடிதமும் கொடுத்தனுப்ப என்ன செலவாகும் என்ற கணக்கு. சிகிச்சை தொடங்கும் அன்றைக்கே மாற்றுக் கடிதத்தையும் சிகிச்சைப் பதிவின் நகலையும் தயாராக எழுதி வைத்துவிடலாம். தேதியை மட்டும் பிறகு போட்டுக்கொண்டால் போதும். வாசலில் பர்ஸோடு சேர்த்து அந்தக் கவரையும் 30 மாத்திரை உள்ள ஒரு டப்பாவையும், சொந்த ஊர் மையத்தின் தொலைபேசி எண்ணையும் கொடுக்க வேண்டும். அந்த மாத்திரைகளை அரசாங்கம் ஏற்கெனவே வாங்கிவிட்டது. உள்ளேயே இருந்திருந்தாலும் அந்த மாதம் அவர்தான் சாப்பிட்டிருப்பார்.