அவிழாத பொதிகள்

கடந்த மாதம் நல்லூரிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் பேணி என்னிடம் வந்து சேர்ந்தது. உள்ளே ஒன்பது இறுவட்டுகள். அவற்றைச் சேர்த்து வைத்தவர் காலஞ்சென்ற என் நண்பர். ஒரே பத்திரிகையில், ஒரே மேசையின் எதிர்ப்புறத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து வந்த ஆண்டுகளில், எங்கள் வார இதழின் பக்கங்களை அவர் மாதந்தோறும் தம் சொந்தச் செலவில் பதிந்து வைத்தார். அலுவலகத்தில் அப்படியொரு வழக்கம் இருக்கவில்லை. அங்கிருந்த பிரதிகள் பின்னர் போன இடமும் தெரியவில்லை. ஆகவே அந்தப் பேணிக்குள் இருப்பதுதான் மிச்சம்.

இறுவட்டுகளில் இருந்தவை யாவும் 'ஸிப்' எனப்படும் சுருக்கிக் கட்டிய கோப்புகள். அவற்றை அவிழ்த்துத் தர அயலில் உள்ள மாணவர் ஒருவர் முன்வந்தார். பைத்தன் நிரல்மொழியோடு இலவசமாகவே வருகின்ற 'ஸிப்ஃபைல்' என்ற நிரலகத்தைக் கொண்டு இருபது வரியில் ஒரு நிரல் எழுதினார். பிறர் முன்கூட்டியே எழுதி வைத்த நிரற் பகுதிகளின் தொகுப்பை ஆங்கிலத்தில் நூலகம் என்ற பொருள்படும் சொல்லாலேயே அழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவனுக்கு அச்சொல் வேறொன்றை நினைவூட்டும். 1981 இல் சாம்பலான ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும், அதே நாட்களில் எரியூட்டப்பட்ட 'ஈழநாடு' பணிமனையையும் நினையாமல் இருக்க முடிவதில்லை.

நான் கலைப்பீடத்தில் படித்தவன். மாணவர் சொன்னவற்றில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

முதலாவது பொதி ரொறன்ரோ நண்பர் ஒருவர் எங்கள் பழைய கட்டுரைகளை யுனிகோட்டில் மீளத் தட்டெழுதி 2008 இல் தம் மக்கின்ரோஷ் கணினியிலிருந்து அனுப்பியது. கடைசி இறுவட்டில் அதுவும் இருந்தது. திறந்தால் கோப்புகளின் பெயர்கள் யாவும் கிரேக்க எழுத்தான ஆல்பாவும் கோண மேற்கோள் குறிகளுமாய்த் தெரிந்தன. "வைரஸ் பிடிச்சிட்டுதோ தம்பி?" என்று கேட்டேன். "இல்லை அங்கிள், இதெல்லாம் தமிழ்தான்" என்றார். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் கணினி மூன்று பைட்டுகளாக எழுதுகிறது. அவற்றுள் முதலாவது எப்போதும் ஒன்றே. பெயர்கள் யுனிகோட்டில் உள்ளன என்று அறிவிக்கும் அடையாளம் 2006 இல் ஸிப் வரையறைக்குள் சேர்க்கப்பட்டது. அந்த அடையாளம் இல்லாத பொதியை, ஐபிஎம் கணினிகளின் பழைய எழுத்து அட்டவணைப்படி நிரலகம் வாசிக்கிறது. அந்த அட்டவணையில் நம் முதற் பைட்டின் இடத்தில் ஆல்பா இருக்கிறது. பெயரை அதே அட்டவணைப்படி பைட்டுகளாகத் திருப்பி, யுனிகோட்டாக வாசிக்கச் சொன்னால் தமிழ் அப்படியே மீண்டுவிடும். ஓர் எழுத்தும் சேதமாகாது. 2022 இல் வந்த பைத்தன் 3.11 இலிருந்து, பொதியைத் திறக்கும்போதே பெயர்களின் குறியீட்டு முறையைச் சொல்லிவிடவும் வழியுண்டு. இதை அறியாமல், பெயர் கெட்டுப்போன கோப்பென்று எத்தனை பேர் எத்தனை கட்டுரைகளை அழித்திருப்பார்களோ!

இரண்டாவது பொதியை 'இது ஸிப் அல்ல' என்று நிரலகம் மறுத்துவிட்டது. ஸிப்பின் பொருளடக்கம் புத்தகத்தில் இருப்பதுபோல் முன்னே இல்லை, கடைசியில் இருக்கிறது. இறுவட்டோ உள்வட்டத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படுவது. விளிம்பு பழுதானால் கடைசிப் பொதியின் வாற்பகுதி போய்விடும். அதனோடு பொருளடக்கமும் போய்விடும். ஆனால் உள்ளே ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் பி, கே என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அவை இம்முறையை 1989 இல் ஆக்கி, அதன் வரையறையை யாவரும் பயன்படுத்த வெளியிட்ட அமெரிக்கர் ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள். அவர் 2000 ஆம் ஆண்டு தம் 37 ஆவது வயதில் இறந்துவிட்டார். அவ்விரு எழுத்துகளையும் தேடித் தேடி, பொருளடக்கம் இன்றியே அந்த மாணவர் கோப்புகளைப் பிரித்தெடுத்தார். ஸிப் தன்னுள் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்குவதால்தான் இது கைகூடியது. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துச் சுருக்கும் வேறு முறைகளில் நடுவே ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னுள்ளவற்றை மீட்பது பெரும்பாடு.

பிரித்ததோடு வேலை முடியவில்லை. பக்கங்கள் பேஜ்மேக்கரில் அமைந்தவை. 2001 இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன மென்பொருள் அது. எழுத்துருவோ பாமினி. பாமினியில் 'தமிழ்' என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை, ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அதை யுனிகோட்டாக்கும் மாற்றிகள் இருக்கின்றன. ஆயினும் பக்கம் பக்கமாய்ப் பார்த்துத் திருத்துவதற்கு மனிதர் வேண்டும்.

சிறுப்பிட்டியிற் பிறந்து, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, சுவடிக் கட்டின் முடிச்சை அவிழ்த்தாலே ஓலை ஒடிகின்ற அவலத்தை நொந்து எழுதியவர். அவர் கைக்கு ஏடுகள் எட்டியபோது பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. நாங்கள் இருபதே ஆண்டுகளில் அந்த நிலையை எட்டிவிட்டோம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஸிப் என்பது பயண மூட்டை, அலுமாரி அன்று. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து புறப்பட்ட எங்களுக்கு மூட்டையின் அருமை தெரியும். ஆனால் வந்து சேர்ந்த இடத்தில் மூட்டையை அவிழ்க்க வேண்டும். இடம் மிச்சமாகும் என்பார்கள். வருடிய பக்கப் படங்கள் ஜேபெக் வடிவில் ஏற்கெனவே சுருங்கியிருப்பவை; அவற்றை மறுபடி கட்டுவதால் மிச்சமாவது மிகச் சொற்பம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகளின் பக்கங்கள் யாரும் படிக்கத்தக்கவாறு விரிந்து கிடக்கின்றன. பத்திரிகை அலுவலகங்களும் ஓய்வுபெற்ற ஊடகவியலாளரும் தத்தம் வீட்டு மேசை இழுப்பறைகளை ஒரு முறை திறந்து பார்த்து, இருப்பவற்றை அவிழ்த்து, அங்கே சேர்ப்பிப்பதற்கு என்ன தடை? பதிப்புரிமை பற்றிய வாதத்தை நான் மறுக்கவில்லை. உரிமை கோருவதற்கேனும் பக்கம் இருக்கவேண்டும் அல்லவா?

மூன்றாவது பொதி கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. அதற்காக நண்பரைக் குறை சொல்லமாட்டேன். 2006 இல் யாழ்ப்பாணத்தில் செய்தியாளராய் இருந்தவர் எவரும் குறை சொல்லமாட்டார். யார் யாரிடம் பேசினோம் என்பது அக்காலத்தில் உயிர்ப் பிரச்சினை. அவர் பூட்டியது கஞ்சத்தனத்தால் அன்று, பேசியவர்களைக் காப்பதற்காக.

ஆனால் இந்தப் பூட்டுக்கு ஒரு விந்தையான இயல்பு. உள்ளடக்கத்தை மறைக்கிறது, பெயர்களை மறைப்பதில்லை. நாற்பத்தொரு கோப்புகளின் பெயர்களும் திரையில் தெரிகின்றன. பல, நாங்கள் இருவரும் சைக்கிளில் போய் எடுத்த நேர்காணல்கள். அச்சேறாதவையும் உண்டு. பேசியவர்களிற் பலர் இன்று இல்லை.

பழைய ஸிப் பூட்டு பலவீனமானது; பொதிக்குள் உள்ள ஒரு கோப்பின் பூட்டாத பிரதி கிடைத்தால் மற்றவற்றையும் திறக்கலாம் என்று எலி பிகாம், பால் கோச்சர் என்ற இருவர் 1994 இலேயே காட்டியிருக்கிறார்கள் என மாணவர் சொல்கிறார். நாற்பத்தொன்றில் ஒன்று போதும். அக்காலத்தில் எங்களோடு பணியாற்றி இப்போது இலண்டனிலோ பாரிசிலோ சிட்னியிலோ இருக்கும் எவரிடமாவது 2005, 2006 ஆம் ஆண்டுகளின் பக்கக் கோப்பு ஒன்றேனும் பழைய கணினியில் கிடந்தால், திருத்தாமல், திரும்பச் சேமிக்காமல், உள்ளது உள்ளபடி அனுப்பிவையுங்கள். அதற்கிடையில் நாளை மாலை நல்லூருக்குப் போகிறேன். நண்பரின் துணைவியாரிடம், அந்நாட்களில் அவர்கள் வளர்த்த நாயின் பெயரைக் கேட்கவேண்டும்.