சேர்ந்தவர்களை எண்ணாதீர்கள், முடித்தவர்களை எண்ணுங்கள்

என் சித்தி லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறார். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் தொலைக்கல்வி தொடங்கினார். தபாலில் பெட்டி வரும். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய் பஸ்ஸில் வாசிப்பார், அதிகாலை 3 மணி இடைவேளையில் வாசிப்பார். ஒப்படை எழுதி அனுப்பினால், ஆசிரியர் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார்.

இரண்டாம் வருடம் அந்தக் கல்லூரி அச்சை நிறுத்தி எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றியது. ஆசிரியரின் குறிப்புக்குப் பதிலாக, சரி பிழை மட்டும் சொல்லும் ஒரு திரை. வீட்டில் இருந்த ஒரே லப்டொப்பில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை. வேலையிடத்தில் போனைத் தொட முடியாது. மூன்றாம் மாதம் சித்தி விட்டுவிட்டார். அதே வருடம் அந்தக் கல்லூரி, தன் மாணவர் சேர்க்கை உச்சத்தைத் தொட்டதாக விளம்பரம் செய்தது. அந்த உச்சத்தில் என் சித்தியும் ஒரு எண்.

"எனக்குத்தான் பிள்ளை மண்டையில ஏறேல்லை" என்று அவர் இன்றும் சொல்கிறார். அதைக் கேட்கத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நான் ஆன்லைனுக்கு எதிரி இல்லை. நீங்களும் நானும் அதில்தான் வளர்ந்தோம். பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கலாம், பாடத்தில் உள்ள பிழையை அன்றே திருத்தலாம். எல்லாம் நல்லதுதான். என் கேள்வி வேறு. அச்சுச் செலவும் தபால் செலவும் மிச்சமானதே, அந்தக் காசு எங்கே போனது?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2005-ல் ஐயோவா மாநிலத்தின் கிளின்டன் நகரில் ஒரு சின்னக் கல்லூரியை ஒரு கம்பனி வாங்கியது. அப்போது அங்கே சில நூறு மாணவர்கள்தான். பெயரை ஆஷ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் என்று மாற்றி, படிப்பை ஆன்லைனில் விற்றார்கள். ஐந்தே வருடத்தில் மாணவர் தொகை 70,000-ஐத் தாண்டியது. 2011-ல் அமெரிக்க செனட் விசாரித்தபோது வெளிவந்தது இது: ஆள் சேர்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், வேலை தேட உதவ ஒரே ஒருவர். 2022-ல் கலிபோர்னியா நீதிமன்றம், மாணவர்களை ஏமாற்றியதற்காக 2 கோடி டொலருக்கு மேல் தண்டம் விதித்தது. மிச்சம் பிடித்த காசு எங்கே போகக்கூடும் என்று இப்போது தெரிகிறதா?

"அது மோசடிக் கம்பனி, நல்ல இடங்களில் அப்படி நடக்காது" என்பீர்கள். சரி, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸை எடுப்போம். அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் அதில் நடத்திய பாடங்களைப் பற்றிய ஆய்வு 2019-ல் சயன்ஸ் இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் பாடத்தைத் திறக்கவே இல்லை. 2017-18-ல் முடித்தவர்கள் 100-க்கு 3 பேர். இலவசம் என்பதால்தான் என்று சொல்லவும் முடியாது. சான்றிதழுக்குக் காசு கட்டியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முடிக்கவில்லை.

இங்கே பிரித்தானியாவில் திறந்த பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பழைய பரீட்சைப் பெறுபேறு எதுவும் கேட்கவில்லை. பிபிசி நிகழ்ச்சிகளைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் மாணவர்களைத் தாங்கியது ஒப்படையைத் திருத்திக் குறிப்பு எழுதிய ஆசிரியர்தான். இணையம் இல்லாத சிறைகளில் படிப்பவர்களுக்கு அதே பல்கலைக்கழகம் அச்சுப் பாடங்களைக் கொடுக்கிறது. ஆகவே "இனி அச்சில் தரவே முடியாது" என்று ஒரு கல்லூரி சொன்னால் நம்பாதீர்கள். முடியும். செலவழிக்க மனம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடுகளில் இரவு வேலைக்குப் போகிற அம்மாமாரும் மாமாமாரும் படிக்க ஆசைப்படுவார்கள். பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான். காசு கட்ட முன் கல்லூரிக்குப் போன் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்:

இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்?

ஒப்படையைத் திருத்துவது யார், எத்தனை நாளில் பதில் வரும்?

கேட்டால் அச்சுப் புத்தகம் தருவீர்களா?

முதல் கேள்விக்கே "இந்த வருடம் இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள்" என்று பதில் வந்தால், போனை வைத்துவிடுங்கள்.

சித்தி மீண்டும் ஒரு படிப்புத் தேடுகிறார். இந்த முறை போன் எடுக்கப் போவது நான்.