ஓவிய ஆசிரியர்களின் கையில் மண்ணைக் கொடுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

வரும் மே மாதம் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கு மண்வேலைப் பயிற்சி ஒன்றை நடத்தித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். மானாமதுரைப் பக்கம் சொந்த ஊர். சூளைப் புகையைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது வகுப்பில் நிற்கிறவர்களுக்காகத்தான் கேட்கிறேன்.

2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவில் களிமண்ணில் உருவம் செய்யும் போட்டியும் இருக்கிறது. பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள். காளை செய்கிறார்கள், யானை செய்கிறார்கள், ஊர்க்கோயில் அய்யனார் குதிரையைப் பார்த்ததை நினைவில் வைத்துச் செய்கிறார்கள். போட்டி முடிந்த பிறகு அவை என்ன ஆகின்றன? சுடாத மண்ணாயிற்றே. முதலில் காது போகும், பிறகு கால் போகும், பரீட்சை நேரத்தில் அறையைக் கூட்டும்போது மிச்சமும் குப்பைக்குப் போகும். அந்த உருவங்களைச் சுட்டு நிலைக்க வைக்க ஆசிரியருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதி, கோடையில் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சியை முடித்து வருகிற ஒருவர், ஒரு சூளையைக்கூட நேரில் பார்க்காமல் பணிக்காலம் முழுவதையும் கழித்துவிட முடியும். சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவில் படித்து வந்தவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் அவர்கள் எத்தனை பேர்?

பயிற்சி என்றதும் வட்டார வள மையத்தில் ஒருநாள் கூட்டம், திரையில் படங்கள், மாலையில் சான்றிதழ் என்று முடிவாகிவிடுமோ என்பதுதான் என் பயம். மண் விஷயத்தில் அது ஆகாது. ஈரம் தன் வேகத்தில்தான் வெளியேறும். நம் கால அட்டவணைக்கு அது வளையாது. பிசைந்து உருவம் செய்ய இரண்டு மூன்று நாள். நிழலில், ஈரச்சாக்கு போர்த்தி, மெல்ல உலர்த்த ஒரு வாரம். சூளை அடுக்கிச் சுட ஒருநாள், ஆற ஒருநாள். பன்னிரண்டு நாளுக்குக் குறைந்தால், ஆசிரியர்கள் செய்முறையின் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அந்தப் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியும். தெரியாதது இரண்டாம் பாதிதான்.

அந்த இரண்டாம் பாதியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். சூளையில் பொம்மை வெடித்தால் "உள்ளே காற்று இருந்திருக்கும்" என்பார்கள். பெரும்பாலும் காரணம் காற்று அல்ல, உலராமல் மிஞ்சிய ஈரம். நூறு டிகிரியைத் தாண்டியதும் அது ஆவியாகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு வருகிறது. அதனால்தான் மண்பாண்டம் வனையும் வேளார்கள் முதல் சில மணி நேரம் வெறும் புகைச்சூடு காட்டுகிறார்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. அவசரப்பட்டுச் சூளையைப் பிரித்தால் நல்ல உருப்படியும் விரிசல் விட இதுவே காரணம். ஏறத்தாழ 600 டிகிரி தாண்டிய மண் மறுபடி தண்ணீரில் கரையாது; சூளையில் வைக்கும் முன் எந்தக் கட்டத்திலும் ஊறவைத்துத் திரும்பப் பிசையலாம். இவ்வளவும் எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியருக்கும் வேண்டிய செய்தி. ஓவிய ஆசிரியருக்கோ இது தெரியாமல் மண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே முடியாது.

பாதுகாப்பும் இதில் சேர்த்தி. காய்ந்த களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. தினமும் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. மண்வேலை செய்த அறையைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பளபளப்புப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் உண்டு. பள்ளிக்குப் பூச்சே வேண்டாம், சுட்ட மண்ணும் காவியும் போதும் என்பது என் கருத்து.

யார் கற்றுக்கொடுப்பது என்று கேட்பீர்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கிறது. மண்ணின் வேதியியலும் சூளையின் கணக்கும் அங்கே இருக்கின்றன. கைவேலைக்கு மானாமதுரை இருக்கிறது. இவ்வூர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் செய்வதற்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற மீனாட்சி கேசவன் இந்த ஊர்க்காரர். கடத்துக்காகச் சக்கரத்தில் வனைந்த பானையைப் பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டி, சுவர் எங்கும் ஒரே கனமாகும்வரை விடமாட்டார்கள் இங்கே. வேளார்களை ஒருமணி நேரச் செயல்விளக்கத்துக்கு அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்ப வேண்டாம். அவர்களைப் பயிற்றுநராக நியமியுங்கள். கல்லூரி விரிவுரையாளருக்குத் தருகிற மதிப்பூதியத்தையே அவர்களுக்கும் தாருங்கள். பட்டம் இல்லை என்று எந்தத் தணிக்கையாளரும் கேள்வி எழுப்பாதபடி ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு ஊதியமும் பேச வேண்டியிருக்கிறது. 2012இல் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களாக நியமிக்கப்பட்டவர்களில் ஓவியத்துக்கு வந்தவர்கள் இன்றும் பல பள்ளிகளில் கலை வகுப்பைத் தாங்குகிறார்கள். மே மாதத்துக்கும் சம்பளம் வேண்டும் என்று நெடுநாள் கேட்டுவந்தவர்கள் அவர்கள். அவர்களைக் கோடையில் பன்னிரண்டு நாள் வரச்சொல்லிவிட்டு, பயணப்படி மட்டும் கொடுத்து அனுப்புவது நியாயமில்லை. பயிற்சி நாள் ஒவ்வொன்றும் வேலைநாளாகக் கணக்கிடப்பட்டு ஊதியம் தரப்பட வேண்டும். இதற்கு நிதியில்லை என்றால் ஆட்களைக் குறைத்து நடத்துங்கள், ஊதியத்தைக் குறைக்காதீர்கள். முதல் கோடையில் மானாமதுரையில் முப்பது பேர், விருத்தாசலத்தில் முப்பது பேர் போதும்.

பயிற்சி முடித்துப் போகிறவரின் பள்ளியில் சூளை இருக்காதே என்பார்கள். வேண்டியதில்லை. பல வட்டாரங்களில் இன்னும் ஒரு வேளார் குடும்பமாவது சூளை வைக்கிறது. பிள்ளைகள் செய்ததை நன்றாக உலர்த்தி, அவர்கள் அடுத்த முறை அடுக்கும்போது ஓர் ஓரத்தில் வைக்கச் சொல்லலாம். கூலி கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அப்படி யாரும் இல்லாத ஊரில் செங்கல்லை வட்டமாக அடுக்கி, மரத்தூள் நிரப்பி, சிறு உருவங்களைச் சுட முடியும். கருப்படித்து வரும், பானையளவு உறுதி இராது. ஆனாலும் அந்தக் காளை அடுத்த ஆண்டும் அலமாரியில் நிற்கும்.

ஓவிய வகுப்பில் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோடு வராது என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டவர்கள். தாளில் போட்ட தப்புக் கோடு எல்லாருக்கும் தெரியும்படி நிற்கிறது. மண்ணில் அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு மேலே போகலாம். பார்வையில்லாத பிள்ளைக்கு ஓவிய வகுப்பு என்று நாம் வேறு எதைத் தர முடியும்? கீழடி அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். ஒரு தடவையாவது பானையின் விளிம்பை வனைந்து பார்த்த பிள்ளை அங்கே உடைந்த பானையோட்டின் முன் நிற்கும் நேரமே வேறு. அந்த விளிம்பை எந்த விரல் எப்படி மடித்திருக்கும் என்று அது கேட்கும். ஆசிரியருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. ஆணை ஏப்ரலில் வந்தால் பயனில்லை. கண்மாய் வற்றும் மாசி, பங்குனியில்தான் நல்ல மண் எடுக்க முடியும். எடுத்ததைக் கல் நீக்கி, ஊறப்போட்டு, மிதித்து, சில வாரங்கள் மூடிவைத்தால்தான் கைக்கு இழைந்து வரும். மண்பாண்டத் தொழிலுக்குக் கண்மாய் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் விதி எளிதாக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடிதப் போக்குவரத்துக்கும் நாள் பிடிக்கும். ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கும் வாரத்திலேயே கோப்பில் கையெழுத்திட்டு, பயிற்றுநர்களுக்கு மண்ணுக்கான முன்பணத்தையும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சிவகங்கை மாவட்டம்